ஓடுகிறவளிடம் கேட்க முடியாது

ஒரெட்டாவை நாட்டிலேயே வேகமான பெண்ணாக ஆக்கியது எந்தப் பயிற்சியாளரும் இல்லை. அவளுடைய சொந்தக்காரர்கள்தான்.

பசிபிக் கடலின் தீவு நாடான கிரிபாஸில் உறவுக்காரர் ஒருவர் எதிரே வந்து நின்று, "புபுசி" என்று வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால் முடிந்தது கதை. சைக்கிளோ, சட்டையோ, அடுப்பில் கொதிக்கும் பானையோ, எதுவானாலும் கொடுத்தாக வேண்டும். இல்லை என்று சொன்னவன் பெயர் அவன் பேரப்பிள்ளைகள் காலம்வரை நாறும். ஆனால் கேட்கிறவர் நேரில் வந்து கேட்க வேண்டும். ஆள் அனுப்பிக் கேட்டால் செல்லாது. தூரத்தில் நின்று கத்தினாலும் செல்லாது. ஒரெட்டாவுக்கு இந்தச் சந்து ஒன்று போதாதா? சிறுமியாக இருந்தபோதே, பெரியப்பாவோ மாமியோ ஒரு மாதிரி இளித்துக்கொண்டு வருவதைக் கண்டால், கையில் இருக்கும் மீனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டம் எடுத்துவிடுவாள். நானிகாய் கிராமத்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் ஒரே சாலை. ஒளிய இடமில்லாத ஊரில் வேறு என்னதான் செய்வது?

அப்படி ஒருநாள் பன்றிக்குட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பறந்ததை பஸ்ஸிலிருந்து பார்த்தவர் நபுவாக்கா. தடகளச் சங்கத்தின் செயலாளர். சங்கம் என்றால் பக்கத்து ஊரான பைரிகியில் காயலோரத்தில் ஓர் அறை, ஒரு மேசை, அப்புறம் அவர்.

"பன்றி இல்லாம ஓடினா இன்னும் வேகமா ஓடுவியா?" என்று கேட்டார்.

"பன்றி இல்லைன்னா நான் எதுக்கு ஓடணும்?" என்றாள் ஒரெட்டா.

அவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அடுத்த ஆண்டே தீவுகளுக்கிடையே நடக்கும் போட்டிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு பதினான்கு ஆண்டுகள் அவள் நாட்டுக்காக ஓடினாள். உலகப் போட்டிகளுக்குச் சின்ன நாடுகளிலிருந்து, தகுதி நேரம் பார்க்காமல், ஓர் ஆளை அழைப்பார்கள். ஒரே ஓர் ஆள். அது எப்போதும் ஒரெட்டாதான். விமானம் மாறி விமானம் ஏறி, பல் கிட்டிக்கும் குளிரில் போய் இறங்குவாள். அணிவகுப்பில் கொடியைத் தானே தூக்கிக்கொண்டு, முதல் வரிசையும் கடைசி வரிசையுமாகத் தானே நடப்பாள். ஒலிபெருக்கிக்காரன் நாட்டின் பெயரை ஊருக்கு ஒரு விதமாகச் சொல்வான். மறுநாள் காலையில், அரங்கத்தில் ஆள் சேருவதற்கு முன், சின்ன நாட்டுக்காரிகளுக்கென்று ஒரு முதல் சுற்று நடக்கும். அதில் நூறு மீட்டர் ஓடுவாள். அவ்வளவுதான், பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்தச் சுற்றை அவள் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. ஒரே ஒருமுறை இரண்டு பேரை முந்தினாள். அந்தச் செய்தி வானொலியில் வந்த நாளில் நானிகாயில் விருந்து வைத்து, இருட்டும்வரை ஆடினார்கள்.

ஊர் திரும்பியதும் புபுசி ஆரம்பித்துவிடும். நாட்டின் பெயர் போட்ட சட்டை ஒரு சித்தப்பாவுக்கு, பை மைத்துனிக்கு, ஆணி வைத்த ஓட்டக் காலணி மாமா ஒருவருக்கு. பாறையில் வழுக்காமல் நின்று தூண்டில் போட அந்த மாதிரி செருப்பு உலகத்திலேயே கிடையாது என்று மாமா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரெட்டா இதற்கெல்லாம் வருந்தியதில்லை. இன்று அவர்கள் கேட்டால் நாளை இவள் கேட்கப்போகிறாள்.

அவள் வருந்தியது ஒன்றுக்குத்தான். கடைசியாகப் போன உலகப் போட்டியில் அவள் ஓடவே இல்லை. குனிந்து, விரல்களைத் தரையில் ஊன்றி, துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருந்தபோது கால் எதற்கோ நகர்ந்துவிட்டது. எதற்கு நகர்ந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. வெடிக்குமுன் அசைந்தவளுக்கு ஓட்டமே கிடையாது என்று ஒருவன் வந்து சிவப்பு அட்டையைக் காட்டினான். மற்ற ஏழு பேரும் மறுபடி குனிய, அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுரங்க வழியாக வெளியே நடந்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது எல்லோருக்கும் நடப்பதுதான். அதற்காக அத்தனை கடல் தாண்டிப் போய் நடக்க வேண்டுமா?

விமான நிலையத்தில் எப்போதும்போல் மாலை போட்டார்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ஊர்க்கூடத்து விருந்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "உலகத்திலேயே முதல்ல புறப்பட்டது நம்ம பொண்ணுதான்" என்று பேச, கூடமே உருண்டு சிரித்தது. கேலியில் விஷம் இல்லை. ஆனாலும் இரண்டு ஆண்டுகளாக அவள் வேலை பார்க்கும் மீன் ஆலையில், பஸ்ஸில், கோயில் வாசலில் யாராவது ஒருவர், "என்ன ஒரெட்டா, வெடி வெடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, விடியற்காலையில் கல் கொட்டிக் கட்டிய கடல் பாதையில் போய் ஓடுவாள். இன்னும் ஒரே ஒருமுறை அங்கே போய், நூறு மீட்டரை முழுதாக ஓடி, அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டு நிறுத்திவிட வேண்டும். கடைசியாக வந்தாலும் சரி. அவள் கேட்டது அவ்வளவுதான்.

இந்த முறை அழைப்பு வந்தபோது, போட்டிக்கு இன்னொருத்தியும் இருந்தாள். ரீனே. ஒரெட்டாவின் பெரியம்மா மகள் கத்தரீனாவின் பெண். வயது பத்தொன்பது, நெடுநெடுவென்று வளர்த்தி, பேச்சு அதிகம் வராது, கேட்டதற்குத் தலையாட்டுவாள். ஓராண்டாகச் சித்தியின் பின்னாலேயே காலையில் ஓடிக்கொண்டிருந்தாள். நபுவாக்கா இருவரையும் பைரிகி மைதானத்தில் ஓடவிட்டார். ஊரே வேலியோரம் கூடியிருந்தது. ஒரெட்டா மார்பளவு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

எல்லோரும் கத்தினார்கள், தூக்கிச் சுற்றினார்கள். ஒரெட்டாவும் சிரித்தாள். ஆனால் ஓட்டத்தின் கடைசியில், தன் தோளுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த காலடிச் சத்தம் சட்டென்று தளர்ந்ததை அவள் காது கேட்டிருந்தது. பெண்ணுக்கு மூச்சு வாங்கியிருக்கும் என்று அன்று முழுவதும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் சொல்லிக்கொண்டாள். ஒரு விஷயத்தை இத்தனை தரம் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தால் அது எப்படிப்பட்ட விஷயம் என்று அவளுக்கே தெரியும்.

அந்த வாரமே கத்தரீனாவிடமிருந்து ஆள் வந்தது. "அக்கா உன்னைப் பார்க்கணும்னு சொல்லுது."

எதற்கென்று கேட்க வேண்டுமா? கத்தரீனாவுக்குச் சர்க்கரை நோயில் ஒரு பாதம் போய் மூன்று ஆண்டு ஆகிறது. ஊர்க்கோடியில் தூண்மேல் கட்டிய குடிசையில் உட்கார்ந்து, இனிப்பு உருண்டை பொரித்து விற்பாள். அவளால் தேடி வந்து கேட்க முடியாது. ஒரெட்டா போகாவிட்டால் போதும். நாளைக்கு வருகிறேன் என்றாள். மறுநாள் தலைவலி என்றாள். அதற்கு மறுநாள் ஆலையில் கூடுதல் வேலை. கோயிலில் கத்தரீனாவின் ஊன்றுகோல் சத்தம் கேட்டதும் ஜெபம் முடியுமுன் பின்வாசலால் நழுவினாள். பேர் கொடுக்கும் கடைசி நாள்வரை இப்படியே ஓட்டிவிட்டால் அப்புறம் யார் கேட்டாலும் மாற்ற முடியாது.

"ஒரு கால் இல்லாதவளைப் பார்த்து ரெண்டு கால் இருக்கிறவ ஓடுறா. உனக்கே அசிங்கமா இல்ல?" என்றான் அவள் கணவன் தெபானோ.

"அசிங்கமாத்தான் இருக்கு. அதுக்காக நின்னா இடம் போயிடுமே."

தெபானோ மினிபஸ் ஓட்டுகிறவன். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய் வருவான். பாட்டை வைத்தால் வண்டியின் தகரமே அதிரும். சாயங்காலம் ஆலை விட்டதும் ஒரெட்டா அவன் வண்டியில்தான் வீடு திரும்புவாள். அன்றும் ஏறினாள். கடைசி இருக்கையில், ஜன்னலோரம். மடியில் அரிசி மூட்டை, பக்கத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, காலடியில் யாருடைய கோழியோ. பைரிகி நிறுத்தத்தில் வண்டி வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. ஒரெட்டா தலையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு ஆண்கள் கத்தரீனாவைக் கைத்தாங்கலாக உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கத்தரீனா நேரே பின்னால் பார்த்தாள். "கொஞ்சம் நகருங்கம்மா. என் தங்கச்சி பக்கத்துல உட்காரணும்."

குழந்தைக்காரி எழுந்து இடம் விட்டாள். கத்தரீனா உட்கார்ந்து, ஊன்றுகோலைக் குறுக்கே வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

"மௌரி, தங்கச்சி," என்று வணக்கம் சொன்னாள் கத்தரீனா. "சௌக்கியமா?"

"மௌரி, அக்கா. நாளைக்கு வரலாம்னு இருந்தேன்..."

"மூணு வாரமா நாளைக்குத்தான்டி வர்ற. பரவாயில்ல. கால் இருக்கிறவ ஓடுற. கால் இல்லாதவ பஸ் ஏறுறேன்."

வண்டியில் சிரிப்பு எழுந்தது. ஒரெட்டா முன்பக்கம் பார்த்துக் கத்தினாள். "தெபானோ! வண்டியை நிறுத்து, எனக்கு வாந்தி வருது!"

"நிறுத்தாதே," என்றாள் கத்தரீனா. "வந்தா அந்த அரிசி மூட்டையில எடுக்கட்டும்."

தெபானோ நிறுத்தவில்லை. பாட்டை மட்டும் அணைத்தான். பஸ் முழுவதும் ஊமையாயிற்று. கோழிகூடச் சும்மா இருந்தது. அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதைப் பின்னால் வைத்திருந்தார்கள்.

கத்தரீனா உடனே கேட்கவில்லை. ஒரெட்டாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் கேட்க வெட்கமாத்தான்டி இருந்துச்சு. நீ ஓட ஓட, சரி, இன்னிக்கும் கேட்க வேண்டாம்னு எனக்கும் நிம்மதிதான். ஆனா வெள்ளிக்கிழமை பேர் குடுக்கணுமாமே. இனிமே எப்ப கேட்கிறது?" மூச்சை இழுத்து விட்டாள். "புபுசி. அந்த இடத்தை என் பொண்ணுக்குக் குடு."

ஒரெட்டாவின் மடியில் அரிசி கனத்தது. இரண்டு ஆண்டு விடியல்களும், சிவப்பு அட்டையும், சுரங்க வழியும், தாண்டாத அந்தக் கோடும் ஒன்றாக வாய்வரை வந்தன. அதில் ஒன்றையும் சொல்ல முடியாது. கேட்டவளிடம் காரணம் கேட்கவும் கூடாது, தன் காரணத்தைச் சொல்லவும் கூடாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி அக்கா. அவளுக்குத்தான்."

பஸ் கைதட்டியது. முன்னிருக்கைக் கிழவர் ஒருவர் கர்த்தருக்கு நன்றி சொன்னார். கத்தரீனா அழுதாள், இவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஒரெட்டா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். தட்டிய கை அவளுடையதுபோலவே இல்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும் கணவன்மேல் பாய்ந்தாள். "யோவ், உனக்குத் தெரியும்தானே? அவ அங்கே நிக்கிறது உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

தெபானோ வண்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். சுத்தமாக இருந்த கண்ணாடி. "காலையில வண்டியை மறிச்சு நின்னுது அக்கா. 'புபுசி, பைரிகியில நிக்கிறேன், சாயங்காலம் அவ வர்ற வண்டியில என்னையும் ஏத்து'ன்னுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

ஒரெட்டா உள்ளே போனாள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அரிசி களைந்து, உலை வைத்து, தேங்காய் துருவினாள். துருவிக்கொண்டே இருந்தாள். வேண்டியதற்கு மேல் மூன்று பங்கு துருவிய பிறகு தெபானோ அவள் கையிலிருந்து தேங்காய் மூடியை வாங்கினான்.

"இப்ப அந்த இடம் யாரோடது?" என்று கேட்டாள் ஒரெட்டா.

"ரீனேயோடது."

"அவளும் எனக்குச் சொந்தம்தானே. நான் போய்க் கேட்டா?"

தெபானோ அவளை நிமிர்ந்து பார்த்தான். வாங்கின கை ஈரம் காயுமுன் கொடுத்தவளே போய்த் திருப்பிக் கேட்பது யாரும் செய்யாத காரியம். செய்யக்கூடாது என்று சட்டமில்லை. செய்கிற அளவுக்கு வெட்கங்கெட்டவர் இதுவரை யாரும் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

"கேட்டா குடுத்துடுவா," என்றான். "அந்தப் புள்ளைக்கு இல்லைன்னு சொல்ல வராது. ஆனா ஊர் சிரிக்கும்."

"ஊர் ரெண்டு வருஷமா சிரிச்சிட்டுத்தான் இருக்கு."

"அது வேற சிரிப்பு, ஒரெட்டா."

அது வேற சிரிப்புதான். அவளுக்கும் தெரியும். வியாழக்கிழமை முழுவதும் வேண்டாம் என்றே இருந்தாள். ஆலையில் மீனைக் கீறும்போது வேண்டாம், குளிக்கும்போது வேண்டாம், படுக்கும்போதும் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை கண் விழித்தபோது வேண்டும் என்று இருந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் போகமாட்டாள்.

பேரைப் பதிய அன்று மதியம்வரைதான் நேரம். ரீனே பைரிகிக்கு நடந்துதான் போவாள் என்று ஒரெட்டாவுக்குத் தெரியும். சாலையோரச் சீமைப்பலா மரத்தடியில் நின்றாள். நெடுநேரம் ஆகவில்லை. வெள்ளை ரவிக்கையும் பூப்போட்ட கைலியுமாக, தலையில் எண்ணெய் பளபளக்க, பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ரீனே வந்தாள். கோயிலுக்குப் போகிறவளைப்போல மெதுவாக நடந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் ஒரெட்டாவுக்குக் கால் கூசியது. ஆனாலும் மரத்தடியை விட்டு வெளியே வந்தாள்.

"ரீனே! கொஞ்சம் நில்லு."

ரீனே நின்றாள், சிரித்தாள். சித்தி நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பு கரைந்தது. கேட்க வருகிறவரின் நடை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பணிவு, கொஞ்சம் அவசரம், கண் நேரே பார்க்காது. அந்தத் தீவில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட அது தெரியும்.

"வேண்டாம் சித்தி," என்றாள் ரீனே. பின்னால் ஓரடி வைத்தாள். "வேண்டாம், சித்தி..."

திரும்பி ஓட்டம் எடுத்தாள்.

அடுத்த நொடியே ஒரெட்டாவும் ஓடினாள். கேட்பதா வேண்டாமா என்ற கேள்வியெல்லாம் எங்கோ போய்விட்டது. முன்னால் ஒருத்தி ஓடினால் துரத்துகிற உடம்பு அது. சாலையில் எதிரே தண்ணீர் லாரி ஒன்று மெதுவாக வழியை அடைத்துக்கொண்டு வர, ரீனே கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு கரையிலிருந்து காயலுக்குள் குதித்தாள். நீர் உள்வாங்கி, பைரிகிவரை ஈரமணல் திடல்போல் விரிந்து கிடந்தது. ஒரெட்டாவும் குதித்தாள்.

மணலில் மட்டிச் சிப்பி தோண்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். முதலில் யாருக்கோ ஏதோ ஆபத்து என்று நினைத்தார்கள். பிறகு இருவரையும் அடையாளம் தெரிந்தது. காரணமும் தெரிந்தது. அந்த ஊரில் காரணம் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

"ஓடு ரீனே! கிட்ட விடாதே!"

"ஒரெட்டா, வெடி வெடிச்சாச்சுடி, ஓடு!"

வாளியைக் கவிழ்த்துக் கொட்டடித்தாள் ஒருத்தி. ஒரெட்டாவின் காதில் எதுவும் விழவில்லை. காலணி இல்லை, கோடு இல்லை. ஈரமணல் உள்ளங்காலை அறைந்தது. முழங்கால் தானாக உயர்ந்தது, கைகள் தானாக வீசின. பதினான்கு ஆண்டு படித்தது அத்தனையும் ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தது. இவ்வளவு நன்றாக அவள் எந்த நாட்டிலும் ஓடியதில்லை. ரீனேயின் பின்னங்கழுத்து எட்டித் தொடும் தூரத்துக்கு வந்தது. வாயைத் திறந்தால் போதும். ஒரு சொல்தான்.

அவள் வாயைத் திறந்தாள், ரீனே வேகம் எடுத்தாள்.

அதுவரை அந்தப் பெண் ஓடியது ஓட்டமே இல்லை என்பதுபோல் ஒரு வேகம். இடைவெளி ஒரு கையளவு ஆயிற்று, பிறகு ஓர் ஆளளவு, பிறகு ஒரு படகளவு. ஒரெட்டா பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த எல்லாவற்றையும் போட்டு ஓடினாள். இடைவெளி குறையவில்லை. மூச்சு எரிந்தது, விலா குத்தியது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. கால் மடங்கி, கணுக்காலளவு தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்த பிறகுதான் நின்றாள்.

ரீனே சங்க அலுவலகத்தின் கரைச்சுவர்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். வாசலில் நபுவாக்கா தேநீர்க் கோப்பையோடு, குடிக்க மறந்து நின்றார்.

"கிட்ட வராதீங்க சித்தி!" ரீனேயின் குரல் உடைந்தது. பிளாஸ்டிக் பை இன்னும் மார்போடு இருந்தது. "அங்கேயே இருங்க! நீங்க கேட்டா நான் குடுத்துடுவேன். எனக்கு இல்லைன்னு சொல்ல வராது. அதான் ஓடினேன்."

 ஒரெட்டா தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். பிறகு, ஊருக்கெல்லாம் கேட்கும்படி, மூன்று வாரமாக உள்ளே கிடந்ததைக் கேட்டாள்.

"அன்னிக்கு மைதானத்துல ஏன்டி இப்படி ஓடல?"

ரீனே கீழே பார்த்தாள். பிறகு நபுவாக்காவைப் பார்த்தாள். அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்.

"பக்கத்துல வந்தப்போ உங்க முகத்தைப் பார்த்தேன் சித்தி. நீங்க வாயே திறக்கல. ஆனா கேட்டுட்ட மாதிரி இருந்துச்சு." கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "குடுத்துட்டேன்."

காயலில் ஒரு சின்ன அலைகூட இல்லை.  தான் கேட்டது ஒரெட்டாவுக்கே தெரியாது. ஆனால் கேட்டிருக்கிறாள், இந்தப் பெண்ணும் கொடுத்திருக்கிறாள். அதைத்தான் இவள் மூன்று வாரமாகத் தன் இடம் என்று நினைத்து, ஊரெல்லாம் ஓடி ஓடிக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"போ," என்றாள். "உள்ளே போய்க் கையெழுத்துப் போடு."

"நீங்க?"

"நான் வரல."

"சத்தியமா?"

"எழுந்திருக்கவே முடியலடி எனக்கு. போய்த் தொலை!"

 ரீனே சுவரிலிருந்து அந்தப் பக்கம் இறங்கினாள். நபுவாக்கா அவளுக்கு வழி விட்டு, தானும் உள்ளே போனார்.

உலகத்தில் எத்தனையோ நாட்டுக்காரிகளின் முதுகை ஒரெட்டா பார்த்திருக்கிறாள். சிவப்புச் சட்டை முதுகு, பச்சைச் சட்டை முதுகு, நீளச் சடை ஆடும் முதுகு. எல்லாம் யாரோ ஒருத்தியின் ஊருக்குப் போகிற முதுகுகள். தன் ஊர் முதுகு ஒன்று தன்னைவிட்டு விலகி விலகிப் போனதை அவள் இன்றுதான் பார்த்தாள். வலித்தது. அது எவ்வளவு அழகாக ஓடியது என்பதையும் அவளால் மறுக்க முடியவில்லை.

மட்டி தோண்டும் பெண்கள் வாளிகளோடு வந்து சுற்றி நின்றார்கள். கேலி செய்யத்தான் வந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் வாளிகளைக் கீழே வைத்தார்கள். கடைசியில் மூத்தவள் ஒருத்தி மட்டும் குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"சின்னப் பொண்ணுன்னு விட்டுக் குடுத்துட்டியாடி?"

ஒரெட்டா அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். "இல்லக்கா. முழுசா ஓடினேன். அவளைப் பிடிக்க முடியல."

அவர்களில் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளைத் தூக்கி நிறுத்தினார்கள்.